கைக்குட்டையும் மின்னொளியும்

1887 ஆம் ஆண்டில் ஜேர்மனியைச் சேர்ந்த அடோல்ப் மீத்தே, யொஹானஸ் கெடிக்கே என்னும் இருவர், மக்னீசியத் தூளுடன் பொற்றாசியம் குளோரேற்றைக் கலந்து, கண்ணிமைப் பொழுதில் எரிந்து பேரொளி வீசும் பொடியொன்றை ஆக்கினர். இச்செய்தியைப் பத்திரிகையிற் படித்து மகிழ்ந்தவர்களுள் ஒருவர், டென்மார்க்கிற் பிறந்து நியூயோர்க்கில் நிருபராயிருந்த ஜேக்கப் ரீஸ். பகலொளி எட்டாத சேரி வீடுகளின் அவலத்தை உலகுக்குக் காட்ட அவர் தேடிய கருவி அதுவே. அவ்வாறெடுத்த படங்களைத் துணைக்கொண்டு அவர் 1890 இல் வெளியிட்ட நூல் பலரின் மனச்சாட்சியை உலுக்கிற்று. அப்பொடியைக் கையாண்டபோது இருமுறை வீட்டுக்கும் ஒருமுறை தமக்கும் தீ வைத்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

அப்படங்களை இன்று நோக்குவோர்க்கு இன்னொன்றும் புலப்படும். உறக்கங் கலைந்து கண் கூசித் திகைக்கும் முகங்கள், வெளிறிய நெற்றி, பின்னே மைபோன்ற இருள். ஏழ்மையைக் காட்ட வந்த ஒளி, ஏழையின் முகக்குறிப்பைப் பறித்துக்கொண்டது. பொடி போய் 1930 ஆம் ஆண்டளவில் மின்குமிழ் வந்தது; பின்னர் இலத்திரன் பிளாஷ் வந்தது; இன்று கைத்தொலைபேசியின் முதுகிலும் சிறு விளக்கொன்று இருக்கின்றது. ஆயினும் நம் வீட்டுப் பாட்டியாரை இரவில் படமெடுத்தால், வியர்வை படிந்த நெற்றியில் வெள்ளைத் திட்டும், சுவரிலே கத்தியால் வெட்டியது போன்ற நிழலும் இன்றும் விழத்தான் செய்கின்றன.

காரணம் யாது? ஒளியின் கடுமை அதன் பிரகாசத்தாலன்று, பொருளிலிருந்து பார்க்கையில் ஒளிமுகம் எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்பதாலேயே அமைகின்றது. ஞாயிற்றின் விட்டம் ஏறத்தாழ 14 இலட்சம் கிலோமீற்றர். ஆயினும் 15 கோடி கிலோமீற்றர் தொலைவில் நிற்பதால் அது நமக்குச் சிறு வட்டமே. எனவே நண்பகல் நிழல் கூரியது. முகில் மூடிவிட்டால் வானம் முழுவதுமே விளக்காகிவிடும், நிழலும் கரைந்துபோகும்.

அக்காலப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் பலர், அருகில் நிற்போரைப் படமெடுக்கும்போது குமிழின் மேல் வெள்ளைக் கைக்குட்டையொன்றைப் போர்த்துவர். ஒரு மடிப்பு ஒளியை ஏறத்தாழப் பாதியாக்கும் என்பது அவர்களின் கைக்கணக்கு. செலவில்லாத உபாயந்தான். ஆனால் அது பெரும்பாலும் ஒளியைக் குறைத்ததேயன்றிப் பரப்பியதன்று. இன்று கடைகளில் விற்கும் சிறு பிளாஸ்ரிக் மூடிகளைப் பற்றியும் இதையே கூறவேண்டும். வெண்சுவர் சூழ்ந்த சிற்றறையில் அவை நாற்புறமும் ஒளியைச் சிதறச்செய்து சுவர்களையே விளக்காக்கும்; முற்றத்திலோ சிதறிய ஒளி திரும்பி வருவதில்லை. அங்கே அம்மூடிக்குக் கொடுத்த பணம் வீண் என்பதே என் கருத்து.

வெசாக் கூட்டைப் பாருங்கள். உள்ளே இருப்பது சிறு விளக்கு. ஒளிர்வதோ தாள் முழுவதும். விளக்குக்கும் தாளுக்குமிடையே வெளி இருப்பதே அதன் இரகசியம். தாளை விளக்கோடு ஒட்டிவைத்தால் ஒளிப்பொட்டொன்றே தெரியும். ஆகவே வெண்ணிறத் திசுத்தாளையோ வரைஞர் பயன்படுத்தும் ஒளிகசி தாளையோ ஈர்க்குச் சட்டத்தில் ஒட்டி, பிளாஷ் முகப்பிலிருந்து ஒரு சாண் முன்னே நிறுத்துக. சட்டம் அகன்றிருக்கவேண்டும், படமெடுக்கப்படுபவர்க்கு அணித்தாகவும் இருக்கவேண்டும். விளக்கு அகன்ற ஒளி குன்றும், தூரம் இருமடங்காயின் நான்கிலொன்றே எஞ்சும். அக்குறையைத் திரையிற் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

ஒளியை முகட்டிலே தெறிக்கச் செய்க என்று அயல்நாட்டு நூல்கள் அறிவுரை கூறும். வெண்முகடு தாழ்ந்த வீடுகளுக்கு அது பொருந்தும். நம் ஓட்டு வீடுகளிலோ ஒளி மேலேறிக் கருத்த மரங்களுக்கிடையே மறைந்துவிடும். அங்கே கைகொடுப்பது ரெஜிபோம் பலகை. புதுப் பொருள் வாங்கிய பெட்டிக்குள் வந்ததே போதும். பிளாஷைப் பக்கவாட்டில் திருப்பி அப்பலகைமேல் வீழ்த்தினால், சாளரத்தருகே அமர்ந்தது போன்ற ஒளி முகத்திற் படியும். திருப்ப இயலாத சிறு பிளாஷாயின் அதன் முன்னே ஓர் அஞ்சலட்டையைச் சாய்த்து இறப்பர் வளையத்தாற் கட்டி, ஒளியை வெண்சுவருக்குத் திருப்பலாம். சுவர் பச்சையாயின் முகமும் பச்சையாகும்.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். முழு வலுவில் அடுத்தடுத்து எரிக்கையில் முகப்பு சூடேறும். பிளாஸ்ரிக்கையோ தாளையோ அதில் ஒட்டிவைத்தல் தகாது. பழைய பிளாஷைத் திருத்துவதாக மாணவர் பிரித்துப் பார்ப்பதும் ஆபத்தானது. மின்கலத்தை அகற்றிய பின்னும் உள்ளேயுள்ள கொள்ளளவியில் நூற்றுக்கணக்கான வோல்ற்று தங்கியிருக்கக்கூடும்.

இவற்றையெல்லாம் மனிதர்மேற் சோதிப்பதற்கு முன் ஒரு கோழிமுட்டையை மேசைமேல் வைத்துப் படமெடுத்துப் பார்க்கலாம். வெறும் பிளாஷில் ஒன்று, திசுத்தாளை ஒட்டிவைத்து ஒன்று, சாண் தூரத்தில் நிறுத்தி ஒன்று, ரெஜிபோமில் தெறிக்கவிட்டு ஒன்று. நான்கையும் அருகருகே வைத்து, முட்டையின் நிழல் மேசையில் எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுக்காட்டும்படி மாணவரைக் கேளுங்கள். முதலிரு படங்களில் விரல் உடனே நிற்கும்; பின்னிரண்டில் அது இடந்தேடித் தயங்கும்.