கலகக்காரர்கள் என்று கப்பலேற்றப்பட்டவர்கள்



"வரலாற்றிலும் இலக்கியத்திலும் அதிகார எதிர்ப்பு" என்பது எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. இதைக் கேட்டவுடன் பலருக்கும் பிரெஞ்சுப் புரட்சி நினைவுக்கு வரும். சிலருக்கு ரஷ்யா நினைவுக்கு வரும். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பினாங்கு சூலியா தெரு வரை போனால் போதும்.

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாக்கினார். அதைத் தொடர்ந்து சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்களும் கூலித் தொழிலாளர்களும் படகோட்டிகளும் இங்கே வந்து குடியேறினார்கள். சூலியாக்கள் என்று அவர்களுக்குப் பெயர். தெருவுக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. 1801-இல் அந்தச் சமூகத்தின் தலைவரான காதர் மொய்தீன் முன்னின்று கட்டியதுதான் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் நாகூர் ஆண்டவர் பெயரால் தர்கா எழுந்தது. இவர்களெல்லாம் பிழைப்புத் தேடித் தாங்களாக வந்த தமிழர்கள்.

அதே காலத்தில், அதே கடல் வழியாக, தாங்களாக வராத தமிழர்களும் வந்தார்கள். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து ஒரு கப்பல் கிளம்பியது. அதில் 73 பேர் கைதிகளாக ஏற்றப்பட்டிருந்தார்கள். அவர்கள் திருடவில்லை, கொள்ளையடிக்கவில்லை. கம்பெனிக்கு எதிராகக் கலகம் செய்தார்கள் என்பதுதான் அவர்கள் மீதிருந்த குற்றம்.

யார் இவர்கள்?

1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அத்தோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறோம். முடியவில்லை. 1801-இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். அவருக்குச் சிவகங்கையில் இடம் கொடுத்தவர்கள் மருது சகோதரர்கள். பாளையங்கள் ஒன்றுசேர்ந்து நடத்திய போராக அது வளர்ந்தது.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் சின்ன மருதுவின் பெயரால் ஓர் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. அதில் என்ன இருந்தது என்பது முக்கியம். ஆர்க்காட்டு நவாபு அந்நியருக்கு இடம் கொடுத்ததால் நாடு பறிபோனது என்றது அது. நான்கு வருணத்தாரையும் முஸ்லிம்களையும் பெயர் சொல்லியே அழைத்தது. இது ஒரு பாளையத்தின் வரி வழக்கல்ல, எல்லோருடைய வழக்கு என்பது அதன் பொருள். 1801-இல் ஒரு சுவரொட்டி இப்படிப் பேசியது என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. ஜூலை 31-இல் நவாபுடன் உடன்படிக்கை செய்து கர்நாடகத்தின் ஆட்சியை முழுவதுமாக எடுத்துக் கொண்டது. அக்டோபரில் காளையார்கோயில் வீழ்ந்தது. அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரைக்கும் அதே முடிவு. மிஞ்சியவர்களில் 73 பேர் கடல் கடத்தப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் சிவகங்கை அரசராக இருந்த வேங்கன் பெரிய உடையணத் தேவர். இன்னொருவர் சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமி.

தூக்கு ஏன், நாடுகடத்தல் ஏன்?

எல்லோரையும் தூக்கிலிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். தூக்குமரம் நின்ற இடம் பிறகு நினைவிடமாகி விடுகிறது. மக்கள் அங்கே விளக்கேற்றுகிறார்கள், பாட்டுக் கட்டுகிறார்கள். கடல் கடத்தினால் அந்த வாய்ப்பில்லை. ஆள் உயிரோடு இருக்கிறானா, இல்லையா என்று வீட்டுக்கே தெரியாது. திதி கொடுப்பதா, காத்திருப்பதா என்றே தெரியாது. ஆளை அழிப்பதைவிட ஆளைப் பற்றிய செய்தியை அழிப்பது அதிகாரத்துக்கு லாபம்.

இந்த முறையை ஆங்கிலேயர் மறுபடி மறுபடி கையாண்டார்கள். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815-இல் பிடித்து வேலூருக்கு அனுப்பினார்கள். டில்லியின் பகதூர் ஷாவை 1858-இல் ரங்கூனுக்கு அனுப்பினார்கள். பேராக்கில் 1875-இல் பிர்ச் கொல்லப்பட்ட பிறகு மகாராஜா லேலாவைத் தூக்கிலிட்டு, சுல்தான் அப்துல்லாவை செஷல்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள். மலாய்க்காரருக்கும் தமிழருக்கும் சிங்களருக்கும் ஒரே மருந்துதான் கொடுக்கப்பட்டது.

வேங்கன் பெரிய உடையணத் தேவர் 1802-லேயே சுமத்ராவின் பென்கூலனில் இறந்து போனார். துரைசாமியின் செய்தி நமக்குக் கிடைத்த விதம் வியப்பானது. அதை எழுதி வைத்தவர் எதிரிப் படையின் அதிகாரி கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ். அவர் இளைஞராக இருந்தபோது சின்ன மருதுவிடம்தான் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொண்டார். பிறகு அதே மருதுவை வேட்டையாடிய படையிலும் இருந்தார். 1818-இல் அவர் பினாங்குக்கு வந்தபோது உருக்குலைந்த ஒரு மனிதர் எதிரே வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைக் கேட்ட பிறகுதான் அது துரைசாமி என்று புரிந்தது. வாலிப வயதிலேயே முதுமை வந்துவிட்டது. 1830-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் இதை வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். எழுதாமல் விட்டிருந்தால் பினாங்குக்கு வந்த அந்தப் பிள்ளை என்ன ஆனான் என்பது நமக்குத் தெரிந்தே இருக்காது.

இலக்கியம் என்ன சொல்கிறது?

தமிழ் இலக்கியத்தில் அதிகாரத்தைக் கேள்வி கேட்டவர்களுக்குக் குறைவில்லை. மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடறப் போன சோழனைக் கோவூர்கிழார் தடுத்து நிறுத்தினார். வரி வாங்கும் முறையைப் பாண்டியனுக்கு யானை உவமை சொல்லி இடித்துரைத்தார் பிசிராந்தையார். கண்ணகி அரசவைக்கே சென்று வழக்காடினாள். தன் பிழையை உணர்ந்த பாண்டியன் அங்கேயே உயிர் விட்டான். இவற்றிலெல்லாம் ஒரு பொது அம்சம் உண்டு. கேட்பவருக்குக் கேட்க ஓர் அவை இருந்தது, கேட்கும் மன்னனுக்குக் கூசும் மனம் இருந்தது. கம்பெனி ஆட்சியில் அந்த அவை இல்லை. ஆராய்ச்சி மணியும் இல்லை. நியாயம் கேட்க வாசல் இல்லாத இடத்தில்தான் கலகம் பிறக்கிறது.

மலாய் இலக்கியத்தில் ஹங் துவாவும் ஹங் ஜெபாட்டும் இதே கேள்வியைத்தான் எழுப்புகிறார்கள். பொய்ப் புகாரை நம்பி மலாக்கா சுல்தான் துவாவுக்கு மரண தண்டனை விதிக்கிறார். நண்பனுக்காக ஜெபாட் கிளர்ந்து எழுகிறான். பிறகு உயிரோடு திரும்பிய துவாவே அரசரின் ஆணைப்படி ஜெபாட்டைக் கொல்கிறான். நெடுங்காலம் துவாதான் நாயகன். சுதந்திரத்துக்குப் பிறகு, 1961-இல், ஜெபாட்டை நாயகனாக்கி உஸ்மான் அவாங் நாடகம் எழுதினார். கதை மாறவில்லை, கேட்பவர்கள் மாறினார்கள்.

நம்மிடமும் அப்படித்தான். கம்பெனிக் காகிதங்களில் கலகக்காரர்கள் என்று இருந்தவர்கள், கட்டபொம்மன் கதைப் பாடலிலும் சிவகங்கைக் கும்மியிலும் அம்மானையிலும் வீரர்களாக இருந்தார்கள். 1959-இல் வீரபாண்டிய கட்டபொம்மனும் சிவகங்கைச் சீமையும் திரைக்கு வந்தபோது அந்தப் பாட்டு மரபுதான் வென்றது.

நமக்கு என்ன பாடம்?

எதிர்ப்பவர் எல்லோரும் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. பாளையக்காரர்களும் ஒரு வகையில் அதிகாரம்தான். அவர்களும் வரி வாங்கினார்கள், குடிகளை வருத்தியவர்களும் அவர்களில் உண்டு. ஆகவே எந்தக் கலகத்தையும் மூன்று கேள்வி கேட்டுத்தான் எடை போட வேண்டும். குறை உண்மையானதா? அதைச் சொல்ல வேறு வழி இருந்ததா? போராடியவர் தமக்காக மட்டும் போராடினாரா, பிறரையும் சேர்த்துக் கொண்டாரா?

மூன்றாவது கேள்விக்குத் திருச்சி அறிக்கை பதில் சொல்லிவிட்டது. அதனால்தான் இன்று மருதுவை ஒரு சாதிக்கும் கட்டபொம்மனை இன்னொரு சாதிக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. எல்லோரையும் அழைத்தவரை ஒரு கூட்டத்துக்குள் அடைப்பதும் ஒரு வகை நாடுகடத்தல்தான்.

ஜார்ஜ் டவுன் 2008-இல் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. சூலியா தெருவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், பள்ளிவாசலையும் தர்காவையும் காட்டுங்கள். வணிகம் செய்து வளர்ந்தவர்களின் கதையைச் சொல்லுங்கள். கூடவே 1802-இல் விலங்கோடு இந்தத் தீவில் இறங்கியவர்களின் கதையையும் சொல்லுங்கள். மறக்கப்பட வேண்டும் என்பதற்காகவே அவர்கள் இங்கே அனுப்பப்பட்டார்கள். நாம் மறக்காமல் இருந்தால் அந்தத் தண்டனை பலிக்காமல் போகும்.