கண்ணாடி காத்த செய்தி

தந்தி இன்று வழக்கொழிந்துவிட்டது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தந்திப்பணி நிறுத்தப்பட்டது. எனினும், தந்திக்குத் துணைநின்ற ஒரு சிறு பொருளை அமெரிக்காவில் பலர் இன்றும் விரும்பிச் சேகரிக்கின்றனர். அதுவே கண்ணாடி மின்காப்பான்.

1844ஆம் ஆண்டில் சாமுவேல் மோர்ஸ், வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்திச் செய்தி அனுப்பிக் காட்டினார். அதற்கான கம்பியை முதலில் மண்ணுக்குள் புதைக்க முயன்றனர். கம்பியின் காப்புறை பழுதுற்றதால், மரக்கம்பங்களை நட்டு அவற்றின்மீது கம்பியைக் கொண்டுசென்றனர். ஆனால், மழையில் நனைந்த மரம் மின்சாரத்தைக் கடத்தும். கம்பி மரத்தைத் தொட்டால் மின்னோட்டம் நிலத்திற்குள் கசிந்து, செய்தி வலுவிழக்கும். ஆகவே, கம்பிக்கும் மரத்திற்கும் இடையே மின்சாரத்தைக் கடத்தாத கண்ணாடியை வைத்தனர்.

தொடக்கக்கால மின்காப்பான்கள் மரமுளைமீது வெறுமனே செருகப்பட்டன. அதனால் அடிக்கடி கழன்றன. 1865ஆம் ஆண்டில் லூயி கோவே என்பவர், உட்புறத்தில் திருகுமரை கொண்ட மின்காப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். புட்டியின் மூடியைப்போல அதனைத் திருகிப் பொருத்தலாம். அதன் விளிம்பு குடைபோல் கவிந்திருப்பதால், மழையிலும் உட்புறம் எளிதில் நனையாது.

தந்தித்தடங்கள் அகற்றப்பட்டபோது, இவற்றுள் பல குப்பையெனக் கைவிடப்பட்டன. சேகரிப்போர் அவற்றைத் தேடியெடுத்து, கண்ணாடியில் பொறித்துள்ள பெயரையும் எண்ணையும் கொண்டு வகைப்படுத்தினர். ஹெமிங்ரே நிறுவனத்தின் 42 என்னும் எண் பொறித்த வகை எளிதில் கிடைக்கும். திருகுமரை இல்லாத பழைய வகைகள் அரியவை.

நிறமும் வரலாறு கூறும். மணலில் கலந்துள்ள இரும்பு, கண்ணாடிக்கு நீலங்கலந்த பச்சை நிறத்தைத் தரும். அந்நிறத்தைப் போக்க மாங்கனீசு சேர்ப்பதுண்டு. அத்தகைய கண்ணாடி, பல்லாண்டு வெயில்பட்டால் இளம் ஊதாவாக மாறும்.

அரிய நிறத்திற்கு விலை மிகுதி. ஆதலால், சிலர் கதிர்வீச்சினால் செயற்கையாக நிறத்தை மாற்றி, அதனை இயற்கையானதென்று விற்கின்றனர். அவ்வாறு மாற்றிய கண்ணாடி கண்ணுக்கு அழகாக இருக்கலாம். ஆனால், அது கம்பத்தின் உச்சியில் கழித்த காலத்தை உண்மையாக உரைக்காது. ஆகவே, நேர்மையான சேகரிப்பாளர் நிறமாற்றத்தை மறைப்பதில்லை. பயன்பாட்டிலுள்ள கம்பங்களில் கைவைப்பதும் இல்லை. அவர் காப்பது கண்ணாடியை மட்டுமன்று, அதனுள் உறையும் வரலாற்றையும்தான்.