கண்ணாடித் தொட்டியில் நல்ல அயலார்

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது நம் முன்னோர் மொழி. ஆயினும் எவரோடு எவர் கூடுவது என்பதைப் பொறுத்தே அந்நன்மை அமையும். இவ்வுண்மையை மீன்தொட்டி நமக்குத் தெளிவாக உணர்த்துகிறது.

பிள்ளைகள் ஆசையோடு வாங்கிய வண்ண மீன்கள் ஒரு திங்களுக்குள் ஒவ்வொன்றாக மடியும்போது, "நம் வீட்டிற்கு மீன் ராசியில்லை" என்று பெரியவர்கள் கூறிவிடுகின்றனர். நோயும் நீரின் கேடும் காரணமாவதுண்டு. ஆனால் ஒன்றுக்கொன்று ஒவ்வாத மீன்களை ஒரே தொட்டியில் அடைத்ததே பல வேளைகளில் காரணமாகும். ஆற்றில் துரத்தப்படும் மீனுக்குத் தப்பியோட வழியுண்டு. தொட்டியிலோ நாற்புறமும் கண்ணாடி. எனவே அயலாரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையதே. வாங்குமுன் நான்கு கேள்விகளை எழுப்புவது நலம்.

1. நீர் ஒத்துவருமா?

வண்ண மீன் வணிகத்திற்குப் பேர்பெற்ற சென்னைக் கொளத்தூரில் அமேசான் ஆற்றினத்து மீனையும், தாய்லாந்து மீனையும், சீனத்துத் தங்கமீனையும் ஒரே கடையில் காணலாம். அடுத்தடுத்த தொட்டிகளில் இருப்பதால் அவை ஒன்றாக வாழத்தக்கவை ஆகிவிடா. தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது. 18 முதல் 22 பாகை செல்சியஸ் அதற்கு இதம். வெப்ப மண்டல மீன்களுள் பெரும்பாலானவற்றிற்கு 24 முதல் 27 பாகை வேண்டும். மேலும் தங்கமீன் மிகுதியாகக் கழித்து, நீரை விரைவில் மாசுபடுத்தும். ஆகவே அதனைத் தன் இனத்தோடு மட்டுமே வளர்ப்பது நன்று.

நீரின் தன்மையும் கருதத்தக்கது. கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை கடின நீரில் செழிப்பவை. நம் ஊர்களில் பல கிணறுகளின் நீர் இவற்றிற்கு ஏற்றது. நியான் டெட்ராவோ மென்னீர் ஆறுகளில் தோன்றியது.

2. வாய் எவ்வளவு பெரிது?

பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவதை "மச்ச நியாயம்" என்பர். தொட்டியிலும் அந்நியாயமே செல்லும். ஏஞ்சல் மீன் குட்டியாக வரும்போது நியான் டெட்ராவோடு அமைதியாக நீந்தும். ஆனால் அது 15 சென்டிமீட்டர் நீளம்வரை வளரக்கூடியது. நியானோ 4 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. சில திங்களில் நியான்களின் எண்ணிக்கை குறையத் தொடங்கும். ஆஸ்கார் மீன் 30 சென்டிமீட்டரையும் எட்டும். எனவே கடையில் காணும் அளவை அன்று, முழு வளர்ச்சியின் அளவையே கேட்டறிய வேண்டும்.

3. குணம் எத்தகையது?

பைட்டர் மீனின் இரு ஆண்களை ஒருங்கே விட்டால் ஒன்று மாயும்வரை போரிடக்கூடும். நீண்ட வாலுடைய ஆண் கப்பியையும் அது தன் எதிரியெனக் கருதித் தாக்குவதுண்டு. டைகர் பார்ப், பிறவற்றின் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் கிழிக்கும் இயல்புடையது. இரண்டு மூன்றாக வைத்தால் அதன் தொல்லை மிகும். எட்டுக்குக் குறையாத கூட்டமாக வைத்தால் தமக்குள்ளேயே துரத்தி விளையாடிப் பெரும்பாலும் அடங்கும். அப்போதும் ஏஞ்சலும் பைட்டரும் அதற்கு அயலாராகா.

4. கூட்டமா, தனிமையா?

நியான் டெட்ராவும், அடித்தளத்தில் இரைதேடும் கோரிடோராஸும் கூட்டமாக வாழ்பவை. வகைக்கு ஆறேனும் இல்லையெனில் அஞ்சி ஒடுங்கும். வகைக்கொன்றாகப் பத்து நிறங்களை வாங்குவதினும் இரண்டு வகைகளை நிறைவாக வாங்குவதே சிறந்தது.

ஓர் எடுத்துக்காட்டு

இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உடைய தொட்டி ஏறத்தாழ 55 லிட்டர் கொள்ளும். மென்னீர் கிடைக்கும் இல்லத்தில் நியான் டெட்ரா எட்டும் சிறிய வகைக் கோரிடோராஸ் ஆறும் அதற்குப் போதும். முன்னவை நடுமட்டத்திலும் பின்னவை அடியிலும் வாழ்வதால் இடப்பூசல் எழாது. கடின நீராயின் ஆண் கப்பிகள் ஆறும் ஆண் பிளாட்டிகள் நான்கும் வைக்கலாம். பெண் மீன்களைச் சேர்த்தால் குஞ்சுகள் பெருகி விரைவில் இடம் போதாதாகும்.

புதிய தொட்டியில் மீன்களின் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். ஆதலால் எல்லா மீன்களையும் ஒரே நாளில் விடலாகாது. சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். பின்னர் வாங்கும் மீனை இரு வாரங்களேனும் வேறு கலத்தில் வைத்து, நோயில்லையெனத் தெளிந்தபின் சேர்ப்பது பாதுகாப்பு.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஒவ்வாத மீனை ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். "டேங்க் கிளீனர்" எனக் கடைகளில் விற்கப்படும் தென்னமெரிக்க மீன் ஓரடிக்கு மேல் வளரும். தொட்டிகளிலிருந்து வெளியேறிய இவ்வினம் இன்று நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, உள்நாட்டு மீன்களுக்கும் மீனவர் வலைகளுக்கும் கேடு விளைக்கிறது. அத்தகைய மீனைக் கடைக்கே திருப்பித் தருக. அல்லது வளர்க்க வசதியுள்ளோரிடம் கொடுத்துவிடுக.

பெற்றோரே, அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது இந்நான்கு கேள்விகளையும் உங்கள் பிள்ளைகளே கடைக்காரரிடம் கேட்கட்டும். தக்க விடை கிடைக்கும்வரை பணப்பையைத் திறவாதீர்கள். அழகைக் கண்டவுடன் வாங்காது, அவ்வுயிரின் தேவையை முதலில் எண்ணிப் பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு நீங்கள் அளிக்கும் நற்பயிற்சியாகும்.