முழங்காலில் ஒரு கை

1944 செப்டம்பர் 10. பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் ஓர் அமெரிக்க விமானம் வந்து நிற்கிறது. உள்ளே இருப்பவர் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி டுவைட் ஐசன்ஹோவர். எட்டு நாள் முன்பு, பிரெஞ்சுக் கடற்கரையில் அவசரமாகத் தரையிறங்கிய குட்டி விமானத்தைத் தள்ளப்போய் முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். இறங்கி நடக்க முடியாது. அதனால் அவரைப் பார்க்க வேண்டியவர் விமானத்துக்குள் ஏறி வருகிறார். அந்த மாதம் முதல் தேதிதான் ஃபீல்டு மார்ஷல் ஆன பெர்னார்டு மான்ட்கோமரி.

வந்ததும் வராததுமாக ஒரு நிபந்தனை. ஐசன்ஹோவருடன் வந்த நிர்வாக அதிகாரி வெளியே போய்விட வேண்டும். தன்னுடைய நிர்வாக அதிகாரி மட்டும் உள்ளே இருக்கலாம். ஐசன்ஹோவர் அதற்கும் சரி என்றார். அடுத்து, தலைமைத் தளபதி தனக்கு அனுப்பிய தந்திகளைப் பையிலிருந்து எடுத்து மான்ட்கோமரி பொரிந்து தள்ள ஆரம்பித்தார். எல்லாம் வெற்றுப் பேச்சு, போரை நடத்தும் லட்சணமா இது என்ற தொனி. ஐசன்ஹோவர் குறுக்கே பேசவில்லை. எதிராளி மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், முன்னால் சாய்ந்து அவருடைய முழங்காலில் கையை வைத்தார். “நிதானம், மான்டி! என்னிடம் இப்படிப் பேசக் கூடாது. நான் உங்கள் மேலதிகாரி.”

மான்ட்கோமரி மன்னிப்புக் கேட்டார்.

மேலதிகாரி என்பது உண்மைதான். ஆனால் தோள்பட்டையைப் பார்த்தால் குழப்பம் வரும். அன்றைக்கு ஐசன்ஹோவருக்கு நான்கு நட்சத்திரம். ஃபீல்டு மார்ஷல் பதவியோ ஐந்து நட்சத்திரத்துக்குச் சமம். உத்தரவு போடுகிறவரைவிடக் கேட்டு நடக்க வேண்டியவர் ஒரு படி மேலே! 1942 முதல் 1945 வரை ஐசன்ஹோவரின் போர்க்காலம் முழுவதும் ஏறக்குறைய இதே கதைதான். சம பதவியில் இருந்தவர்கள், மூத்தவர்கள், கூடப் படித்தவர்கள், தன்னைவிட அதிகம் சண்டை பார்த்தவர்கள் எல்லோரையும் வைத்துத்தான் அவர் வேலை வாங்க வேண்டியிருந்தது.

சண்டை பார்க்காத தளபதி

ஐசன்ஹோவர் 1915ஆம் ஆண்டு வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறியவர். 164 பேரில் 61ஆவது இடம். முதல் உலகப் போரின்போது அவரை பிரான்சுக்கு அனுப்பவில்லை. பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் டாங்கிப் படைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். 1941 தொடக்கத்தில்கூட வெறும் லெப்டினன்ட் கர்னல்தான். மான்ட்கோமரியோ 1914லேயே நெஞ்சில் குண்டடி பட்டுப் பிழைத்தவர். 1942இல் எல் அலமைனில் ஜெர்மன் தளபதி ரோமலின் படையை முறியடித்தவர். ‘நல்ல மனிதர், ஆனால் போர்வீரர் இல்லை’ என்பதுதான் ஐசன்ஹோவரைப் பற்றி அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளாத அபிப்பிராயம்.

இருவரின் முதல் சந்திப்பே புகைச்சலில்தான் தொடங்கியது. 1942 மே மாதம் இங்கிலாந்தில் மான்ட்கோமரி பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, பார்க்க வந்திருந்த ஐசன்ஹோவர் சிகரெட் பற்றவைத்தார். யார் புகைப்பது என்று பேச்சை நிறுத்திக் கேட்டு, அணைக்கச் சொன்னார் மான்ட்கோமரி. ஒரு நாளைக்குப் பல பாக்கெட் ஊதித்தள்ளும் ஐசன்ஹோவர் மறுபேச்சில்லாமல் அணைத்தார்.

அதே ஆண்டு வட ஆப்பிரிக்கப் படையெடுப்புக்கு ஐசன்ஹோவர் தலைமை ஏற்றார். 1943 ஜனவரியில் காசாபிளாங்கா மாநாடு முடிந்தபோது அவருக்குக் கீழே தரைப்படைக்கு அலெக்ஸாண்டர், கடற்படைக்கு கன்னிங்ஹாம், விமானப்படைக்கு டெட்டர் என மூன்று பிரிட்டிஷ்காரர்கள் இருந்தார்கள். மூவரும் பதவியில் அவரைவிட உயர்ந்தவர்கள். பிரிட்டிஷ் தரைப்படைத் தலைவர் ஆலன் புரூக் இதில் ஒரு கணக்குப் போட்டிருந்தார்: அமெரிக்கரை உயரத்தில் உட்கார வைத்துவிட்டால், நிஜமான போரை நம் ஆட்கள் நடத்திக்கொள்வார்கள். இதைப் பிற்காலத்தில் அவரே ஒளிக்காமல் எழுதினார். பிப்ரவரி 11ஆம் தேதி அவசரமாக நான்காவது நட்சத்திரம் கொடுத்து ஐசன்ஹோவரின் மானத்தைக் காப்பாற்றியது வாஷிங்டன். அப்போதும் அவருடைய நிரந்தரப் பதவி பழைய லெப்டினன்ட் கர்னல்தான். மற்றதெல்லாம் போர்க்காலத் தற்காலிகம்.

ஒரே ஒரு வார்த்தைக்கு

சமமானவர்களை நடத்துவதில் ஐசன்ஹோவர் முதலில் கவனித்தது எழுத்தில் என்ன இருக்கிறது என்பதை. 1942 அக்டோபரில் பிரிட்டிஷ் முதலாம் ராணுவத்தின் தளபதி ஆண்டர்சனுக்கு லண்டன் கொடுத்த ஆணையில் ஒரு வரி இருந்தது. ஐசன்ஹோவரின் உத்தரவு தன் படைக்கு ஆபத்து என்று தோன்றினால், அவர் நேரடியாகத் தன் அரசாங்கத்திடம் முறையிடலாம். முதல் உலகப் போரில் பிரெஞ்சுத் தளபதி ஃபோஷின் கீழ் பணியாற்றிய பிரிட்டிஷ் தளபதி ஹெய்குக்குக் கொடுத்த சலுகையின் நகல் அது. இந்த வாசல் திறந்திருந்தால் ஒவ்வொரு உத்தரவும் லண்டன் போய்த்தான் திரும்பும் என்று ஐசன்ஹோவர் எதிர்ப்புத் தெரிவித்தார். லண்டன் ஆணையைத் திருத்தியது. முறையிடலாம், ஆனால் அதற்கு முன் ஐசன்ஹோவரிடம் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும்.

1944 மார்ச்சில் இதைவிடப் பெரிய இழுபறி. நார்மண்டி தரையிறக்கத்துக்கு முன் பிரான்சின் ரயில் பாதைகளைத் தகர்க்க வேண்டும் என்றார் ஐசன்ஹோவர். கனரக குண்டுவீச்சு விமானங்களோ அமெரிக்கர் ஸ்பாட்ஸ், பிரிட்டிஷ்காரர் ஹாரிஸ் ஆகிய இருவர் கையில். ஒருவருக்கு ஜெர்மனியின் எண்ணெய் ஆலைகள் வேண்டும், மற்றவருக்கு ஜெர்மன் நகரங்கள். படையெடுப்பின் விமானப்படைத் தளபதியாக நியமிக்கப்பட்டிருந்த லீ-மாலரியின் கீழ் நிற்க இருவருக்கும் விருப்பமில்லை. விமானங்கள் ஐசன்ஹோவரின் ‘ஆணையின்’ கீழ் வருவதைச் சர்ச்சில் ஏற்கவில்லை. ‘மேற்பார்வை’ என்ற சொல்லை அமெரிக்கர்கள் ஏற்கவில்லை. இது தீராவிட்டால் பதவியே வேண்டாம் என்று எழுதும் அளவுக்குப் போனார் ஐசன்ஹோவர். கடைசியில் ‘வழிநடத்தல்’ என்ற சொல்லில் சமரசம் பிறந்தது. ஏப்ரல் 14ஆம் தேதி விமானங்கள் அவர் பொறுப்பில் வந்தன. லீ-மாலரியைத் தாண்டி, எல்லோரும் மதித்த டெட்டர் வழியாக உத்தரவுகள் போயின.

டெல்லியைக் கவனிப்பவர்களுக்கு இந்தச் சொல் தகராறு புதிதாகத் தெரியாது. திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் கார்கில் போருக்குப் பின் அமைந்த ஆய்வுக் குழு, அதன் தொடர்ச்சியாக 2001இல் அமைச்சர்கள் குழு கொடுத்த பரிந்துரை என்று நீண்ட பயணத்துக்குப் பிறகு, 2019 டிசம்பரில்தான் முப்படைத் தலைமைத் தளபதி பதவி உருவானது. அவருக்கும் நான்கு நட்சத்திரம், மூன்று படைத் தளபதிகளுக்கும் நான்கு நட்சத்திரம். அவர்கள்மீது ராணுவ ஆணை செலுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று அரசு அறிவிப்பே சொன்னது. சமமானவர்களில் முதல்வர், அவ்வளவுதான்! 2021 ஜூலையில் முதல் தலைமைத் தளபதி பிபின் ராவத், விமானப்படையை ஆயுதப் படைகளுக்குத் துணை நிற்கும் பிரிவு என்று சொல்ல, விமானப்படைத் தளபதி பதௌரியா அன்றே அதை மறுத்துப் பேசினார். அந்த ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி, முப்படை அதிகாரிகளும் ஒன்றாகப் படிக்கும் வெலிங்டன் கல்லூரிக்குப் போகும் வழியில், குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் ராவத் இறந்தார். படைகளை ஒரே தளபதியின் கீழ் கொண்டுவரும் கூட்டுப் படைத்தலைமைத் திட்டம் அவர் காலத்தில் முடியவில்லை.

பொறுமையின் விலை

ஐசன்ஹோவரின் அலுவலகம் கலவையானது. ஒரு பிரிவுக்குத் தலைவர் அமெரிக்கர் என்றால் துணை பிரிட்டிஷ்காரர்; தலைவர் பிரிட்டிஷ்காரர் என்றால் துணை அமெரிக்கர். சக அதிகாரியைத் திட்டுவதில் தவறில்லை, ‘பிரிட்டிஷ்’ என்ற அடைமொழி சேர்த்துத் திட்டினால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்பது அவர் விதி என்று சொல்வார்கள். கோபத்துக்கு அவரிடம் ஒரு சொந்த வைத்தியமும் இருந்தது. ஆத்திரமூட்டியவரின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி மேஜையின் கடைசி இழுப்பறையில் போட்டு மூடிவிடுவார்.

இந்த வைத்தியம் இலவசமாகக் கிடைக்கவில்லை. பிரஸ்ஸல்ஸ் விமானத்தில் மன்னிப்புக் கேட்ட கையோடு, ஹாலந்து வழியாக ரைன் நதியைத் தாண்டும் திட்டத்துக்கு மான்ட்கோமரி அனுமதி வாங்கிவிட்டார். ஏழு நாள் கழித்துத் தொடங்கிய அந்த மார்க்கெட் கார்டன் நடவடிக்கையில், ஆர்னெம் நகரில் சுமார் 10,000 பேர் இறங்கினார்கள். ஆற்றைக் கடந்து திரும்பியவர்கள் சுமார் 2,400 பேர். செப்டம்பர் 4ஆம் தேதியே ஆண்ட்வெர்ப் துறைமுகம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்குப் போகும் கழிமுகத்தின் கரைகளில் ஜெர்மானியர்கள் இருந்தார்கள். அவர்களை அகற்றுவதை மான்ட்கோமரி தள்ளிப்போட, ஐசன்ஹோவரும் அழுத்திச் சொல்லாமல் இருந்தார். முதல் சரக்குக் கப்பல் அணி உள்ளே வந்தது நவம்பர் 28இல். இடையில் 85 நாள்.

அக்டோபர் 13ஆம் தேதி ஒருவழியாக ஐசன்ஹோவர் கடுமையாக எழுதினார். என் ஏற்பாடு பிடிக்கவில்லையென்றால் நம் இருவருக்கும் மேலே இருப்பவர்களிடம் கொண்டுபோவோம் என்றார். மூன்று நாளில் பதில் வந்தது: தலைமை பற்றி இனி நான் வாய் திறக்க மாட்டேன், உங்கள் விசுவாசமான கீழ்நிலையாளன், மான்டி.

ஒரு நாள் அவகாசம்

டிசம்பர் 16ஆம் தேதி ஆர்டென் காட்டில் ஜெர்மானியர்கள் திடீரெனத் தாக்கி அமெரிக்க அணியைப் பிளந்தார்கள். லக்சம்பர்க்கிலிருந்த ஓமர் பிராட்லிக்கு வடக்கே இருந்த தன் இரண்டு ராணுவங்களோடு தொடர்பு வைப்பதே கஷ்டமானது. 20ஆம் தேதி ஐசன்ஹோவர் அந்த இரண்டு அமெரிக்க ராணுவங்களையும் மான்ட்கோமரியிடம் கொடுத்தார். ஐசன்ஹோவர் ஐந்து நட்சத்திரத் தளபதி ஆனதும் அதே தேதியில்தான்.

பிராட்லி, வெஸ்ட் பாயின்டில் ஐசன்ஹோவரின் வகுப்புத் தோழர். தேர்ச்சிப் பட்டியலில் 44ஆவது, நண்பரைவிட முன்னால். ராஜினாமா செய்கிறேன் என்று தொலைபேசியில் கத்தினார். அமெரிக்க மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான், நீ இல்லை, உன் ராஜினாமாவுக்கு அர்த்தமில்லை என்றார் ஐசன்ஹோவர். எத்தனையோ பேருக்கு விட்டுக்கொடுத்தவர், நண்பனிடம் ஓர் அங்குலம் இறங்கவில்லை.

மான்ட்கோமரி சும்மா இருந்திருக்கலாம். அக்டோபர் வாக்குறுதியைக் காற்றில் விட்டு, முழுத் தரைப்படைத் தலைமையும் ஒருவரிடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி தோற்போம் என்று டிசம்பர் 29ஆம் தேதி கடிதம் எழுதினார். இந்த முறை இழுப்பறை போதவில்லை. அவரா, நானா என்று மேலிடம் முடிவு செய்யட்டும் என ஐசன்ஹோவர் தந்தி தயாரித்தார். மான்ட்கோமரியின் இடத்துக்கு அலெக்ஸாண்டர் பெயர் அடிபட்டது. விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று வாஷிங்டனிலிருந்து அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் ஜார்ஜ் மார்ஷலின் தந்தியும் வந்திருந்தது.

நிலைமையைக் காப்பாற்றியவர் மான்ட்கோமரியின் தலைமை உதவியாளர் பிரெடி டி கிங்காண்ட். இரு தரப்புக்கும் வேண்டியவர். மோசமான வானிலையில் வெர்சாய் பறந்து வந்து, தந்தியைப் படித்து, அதை அனுப்பாமல் ஒரு நாள் நிறுத்திவைக்கும்படி கெஞ்சினார். மறுநாள் பெல்ஜியத்தின் சோன்ஹோவனில் மான்ட்கோமரியிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவர் முதலில் நம்பவில்லை. தன்னை யாரால் மாற்ற முடியும் என்று கேட்டார். அலெக்ஸாண்டர் பெயரைக் கேட்டதும் முகம் மாறியது. நான் என்ன செய்யட்டும், பிரெடி? டி கிங்காண்ட் தயாராக எழுதிக் கொண்டுவந்திருந்த தாளை நீட்டினார். என் கடிதம் உங்களைச் சங்கடப்படுத்தியதற்கு மிகவும் வருந்துகிறேன், அதைக் கிழித்துவிடுங்கள் என்றது அது. அடியில் மறுபடியும் அதே விசுவாசமான கீழ்நிலையாளன்.

அமைதி ஒரு வாரம்தான் நீடித்தது. ஜனவரி 7ஆம் தேதி பத்திரிகையாளர்களிடம் மான்ட்கோமரி பேசிய விதம், அமெரிக்கர்களை அவர் வந்துதான் காப்பாற்றினார் என்பதுபோல் ஒலித்தது. அவருக்குக் கீழே இருப்பதைவிட ஊருக்குப் போகிறேன் என்றார் பிராட்லி. நானும் கூட வருகிறேன் என்றார் பேட்டன். சிசிலியில் பேட்டனுக்குக் கீழே இருந்தவர் பிராட்லி; இப்போது பிராட்லிக்குக் கீழே பேட்டன். அந்த மாதம் 18ஆம் தேதி சர்ச்சிலே நாடாளுமன்றத்தில் எழுந்து, இது அமெரிக்கர்கள் நடத்திய போர், இழப்பும் ஏறக்குறைய முழுவதும் அவர்களுடையதுதான் என்று தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று.

கெட்டிஸ்பர்க் பண்ணை

1957 மே மாதம். ஐசன்ஹோவர் இப்போது அமெரிக்க ஜனாதிபதி. டாங்கிப் பயிற்சி கொடுத்த அதே கெட்டிஸ்பர்க்கில் பண்ணை வாங்கியிருந்தார். விருந்தினராக வந்த மான்ட்கோமரியை 1863 உள்நாட்டுப் போர்க்களத்தைச் சுற்றிக் காட்ட அழைத்துப்போனார். அங்கே வைத்து, இரு தரப்புத் தளபதிகளான லீயையும் மீடையும் வேலையைவிட்டு நீக்கியிருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார் மான்ட்கோமரி. அது செய்தித்தாள்களில் வந்தது. லீயை மிகவும் மதித்த ஜனாதிபதி, தென் மாநிலத்தவர்களின் கோபத்துக்கு இடையே சங்கடப்பட்டார்.

மறு ஆண்டு மான்ட்கோமரியின் நினைவுக் குறிப்புகள் புத்தகமாக வந்தன. 1944இல் தன் பேச்சைக் கேட்டிருந்தால் போர் அந்த ஆண்டே முடிந்திருக்கும் என்ற பழைய வாதம் அதில் இருந்தது. ஐசன்ஹோவர் அதன் பிறகு அவரோடு தொடர்பு வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டார்.