மாற்றுச் சிறுநீரகத்தைச் சுற்றி நீர் கோத்தால்...

சிறுநீரக மாற்று ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். பெங்களூரிலிருந்து ஓசூருக்குத் திரும்பி, ஷிப்ட்டுக்கும் போகத் தொடங்கியாச்சு. திடீரென்று ஆபரேஷன் செய்த பக்கத்துக் கால் மட்டும் வீங்குகிறது. 'நாள் முழுக்க நின்ன காலாச்சே, வீங்கத்தான் செய்யும்' என்று விட்டுவிடலாமா? கூடவே கூடாது! நின்றதால் வரும் வீக்கம் என்றால் பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும்.

புதுச் சிறுநீரகத்தைப் பழையது இருக்கும் இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றில், காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களோடு இணைக்கிறார்கள். (இந்தியாவில் இந்த ஆபரேஷன் முதலில் வெற்றி பெற்றது நம்ம வேலூர் சி.எம்.சி.யில்தான், 1971-ல்.) அந்தக் குழாய்களைச் சுற்றியுள்ள மெல்லிய நிணநீர் நாளங்கள் கசிந்தால், நீர் பை மாதிரி தேங்கும். இதுதான் 'லிம்ஃபோசீல்'. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும்.

சின்னப் பை தானாகவே வற்றிவிடும். பெரிசானால்தான் வம்பு. ரத்தக் குழாயை நசுக்கினால் கால் வீங்கும். மூத்திரப்பையை அழுத்தினால் அடிக்கடி சிறுநீர் வரும். சிறுநீர்க் குழாயை அழுத்தினால் கிரியாட்டினின் ஏறும். உடனே 'உடம்பு கிட்னியை ஏத்துக்கலையோ' என்று வீடே கலங்கிப் போகும். எல்லா ஏற்றமும் நிராகரிப்பு அல்ல!

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் நீர் தெரிந்துவிடும். கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ ஸ்கேன் எடுப்பதானால், கிட்னி எந்தப் பக்கம் வைத்தது என்று முதலிலேயே சொல்லுங்கள். சிறுநீர் கழித்த பிறகும் ஒருமுறை பார்ப்பது நல்லது. நிறைந்த மூத்திரப்பையே நீர்ப்பை போலத் தெரிவதுண்டு. கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்பதையும் டாப்ளரில் பார்த்துவிட வேண்டும்.

தேங்கியது என்ன நீர்? ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பார்கள். அதன் கிரியாட்டினின் ரத்தத்தில் உள்ள அளவே இருந்தால் நிணநீர். பல மடங்கு அதிகம் என்றால் சிறுநீர்க் கசிவு. இது பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வருவது. ஸ்டென்ட், கதீட்டர் வைத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் மறு ஆபரேஷன்.

நிணநீரை ஊசியால் உறிஞ்சினால் மட்டும் போதாது, பலருக்குத் திரும்பவும் சேர்ந்துவிடும். மெல்லிய குழாய் வைத்து வடிய விடுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால், லேப்ராஸ்கோப் மூலம் வயிற்று உள்ளறைக்குள் ஒரு 'ஜன்னல்' திறந்துவிடுவார்கள். அங்கே வடியும் நீரை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும்.

காய்ச்சலோ, தையல் பக்கம் வலியோ இருந்தால் சீழாக இருக்கலாம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் காய்ச்சல் லேசாகத்தான் காயும். அதை நம்பிக் காத்திருக்காமல் அன்றே ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வலி மாத்திரையை நீங்களாகவே கடையில் வாங்கிப் போடாதீர்கள். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் டிஸ்சார்ஜ் ஃபைலும் கடைசி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் பையில் இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள்.