பக்கத்தில் இருந்த தூரம்

திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு நேர்கோடு போட்டால் ஏறக்குறைய 185 கிலோமீட்டர். பலாலியிலிருந்து சென்னை இதைவிட ஏறக்குறைய 170 கிலோமீட்டர் கூடுதல். கொழும்பின் ரத்மலானைக்கோ 330. ஆக, யாழ்ப்பாணத்துக்காரருக்குக் கொழும்பைவிடத் திருச்சிதான் கிட்ட.

ஒரு காலத்தில் இந்தக் கடலைக் கடப்பது பெரிய விஷயமாகவே இல்லை. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போருக்காகப் பிரிட்டிஷார் போட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம், ஒரு டகோட்டா, ரத்மலானையில் கிளம்பி யாழ்ப்பாணத்தில் இறங்கிச் சென்னைக்குப் பறந்தது. விமானத்துக்கு வசதியில்லாதவர்கள் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். வல்வெட்டித்துறை ஆட்கள் கோடியக்கரைக்கு வள்ளத்தில் வந்து, எம்.ஜி.ஆர். படம் பார்த்துவிட்டு ஊர் திரும்புவார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வதுண்டு. பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி நம்பக்கூடியதுதான்.

பிறகு உள்நாட்டுப் போர். 1984இல் கப்பல் நின்றது. 1990 ஜூனில் யாழ்தேவி ரயில் நின்றது. பலாலி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், சுற்றியிருந்த ஊர்களே காலியாயின. அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு வர வேண்டியவர் என்ன செய்தார்? முதலில் விடுதலைப் புலிகளிடம் பாஸ் வாங்கினார். அதற்குப் பிணைக்கு ஆள் நிறுத்த வேண்டும். பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளாலிக் கரைக்குப் போய் இருட்டும்வரை காத்திருந்தார். ஒரு மோட்டார் வள்ளத்தின் பின்னால் இன்னும் சில வள்ளங்களைக் கயிற்றால் கட்டி இழுப்பார்கள். வெளிச்சம் கூடாது, கடற்படை கண்டால் சுடும், சுட்டுமிருக்கிறது. கடனீரேரியைத் தாண்டி வவுனியா, அங்கே இராணுவச் சோதனை, அப்புறம் கொழும்பு, கட்டுநாயக்கா விமான நிலையம். வடமேற்கே ஒரு மணி நேரத்தில் போக வேண்டியவர் தெற்கே 400 கிலோமீட்டர் இறங்கித்தான் விமானம் ஏறினார். எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

போர் 2009இல் முடிந்தது. யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 வீதி திறந்தது, 2014இல் யாழ்தேவியும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. ஆனாலும் தமிழ்நாட்டுக்கு வரக் கொழும்பைச் சுற்றித்தான் வர வேண்டியிருந்தது. குண்டு நின்ற பிறகும் இந்தச் சுற்று பத்தாண்டு நீடித்ததற்கு எந்தப் பொறியியல் காரணமும் எனக்குப் புரியவில்லை. 2019 அக்டோபரில்தான் பலாலி சர்வதேச விமான நிலையமானது. அடுத்த மாதம் சென்னை விமானம் வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2025 மார்ச் 30இல் இண்டிகோ திருச்சிக்கும் விட்டது.

ஓடுவது ஏடிஆர்-72, எழுபதுக்குச் சற்று மேற்பட்ட இருக்கைகள் கொண்ட விசிறி விமானம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் கீழே பார்க்கலாம்: அதிராம்பட்டினம் பக்கத்துக் கரை, பாக் நீரிணை, சட்டென்று காங்கேசன்துறை. ஏறக்குறைய ஒரு மணி நேரம். குடிவரவு, சுங்கம் என்று தரையில் நிற்கும் நேரம்தான் இப்போது அதிகம்.

திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டு இலங்கை அகதிகள் முகாம் இருக்கிறது. அங்குள்ளவர்களில் பலர் கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்தவர்கள். அவர்கள் இதே விமானத்தில் ஊருக்குப் போக வேண்டுமானால் முதலில் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயண ஆவணம் வாங்க வேண்டும், பிறகு இந்திய அரசின் வெளியேறும் அனுமதி. அந்தக் காகிதங்கள் வந்து சேர மாதக்கணக்கில் ஆகிறது.