பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி என்ன விலை பெறும்?

கிழக்கிந்தியாவில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் நம்மவர் வீடுகள் சிலவற்றில், தேயிலைத் தோட்டத்திலோ வன இலாகாவிலோ வேலை பார்த்த பெரியவர் விட்டுச்சென்ற ஆங்கிலேயத் துப்பாக்கி ஒன்று இருப்பதுண்டு. வேட்டைக் காலம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்தது. துப்பாக்கி மட்டும் தோல் உறையோடு தங்கிவிட்டது. பெரியவர் மறைந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "சார், இது லட்சக்கணக்கில் போகுமா?"

நான் ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவன். பக்கத்து ஊரான முங்கேர், துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போனது. கள்ளத் துப்பாக்கிக்கும் பேர்போனதுதான், அது வேறு கதை. உரிமம் பெற்ற நல்ல கைவினைஞர்கள் பலரோடு பழகியதில், துப்பாக்கியை வேட்டைக்காரன் கண்ணால் பார்க்காமல் மெக்கானிக் கண்ணால் பார்க்கக் கற்றேன்.

முதலில் பெயர். குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் 'மாண்ட்டன், கல்கத்தா' என்றிருந்தால், லண்டனில் பெரும் புகழ்பெற்ற ஜோசப் மாண்ட்டனின் கைவேலை என்று மயங்குவோர் உண்டு. அவர் 1835-இல் காலமானவர். இன்று நாம் போடும் வகைத் தோட்டாவுக்கான துப்பாக்கியை அவர் செய்திருக்க வழியில்லை. கல்கத்தாக் கடைகள் பர்மிங்காமில் செய்த துப்பாக்கிகளை வரவழைத்துத் தம் பெயரைப் பொறித்து விற்றன. அதனால் தரம் குறைவென்று பொருளல்ல, ஆனால் பர்டி, ஹாலண்ட் விலையை எதிர்பார்க்கக் கூடாது. 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று கண்டாலும் துள்ள வேண்டாம். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று நினைக்கட்டும் என்றே பெல்ஜியத்தில் அப்படிப் பொறித்து அனுப்பினார்கள். குழலைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்றிருந்தால் அது லியேஜ் நகரத்துச் சரக்கு.

அந்த அடிப்பக்கம்தான் துப்பாக்கியின் ஜாதகம். பர்மிங்காம் சோதனைச் சாலை 1813 முதல் ஒவ்வொரு குழலிலும் வழக்கத்துக்கு மேற்பட்ட மருந்தை வெடித்துப் பார்த்தே முத்திரை குத்தி வருகிறது. கிரீடத்தின் கீழ் என்.பி. என்றிருந்தால் புகையில்லா மருந்துக்குத் தேறியது என்று அர்த்தம். அந்த முத்திரை இல்லாத, இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிச் செய்த டமாஸ்கஸ் குழலில் இன்றைய தோட்டாவைப் போடுவது தற்கொலை. தோட்டா அறையின் நீளமும் முக்கியம். பழையவற்றில் பல இரண்டரை அங்குலம். கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் இரண்டே முக்கால்.

போன ஆண்டு இரண்டு துப்பாக்கிகளை அடுத்தடுத்துப் பார்க்க நேர்ந்தது. ஒன்று கண்ணாடிபோல் மின்னியது. குழல் கன்னங்கரேல், கட்டையில் புது வார்னிஷ். புதுப்பித்தவர் உள்ளே இருந்த துருக்குழிகளைத் தேய்த்தே எடுத்திருந்தார். சுவர்க் கனத்தை அளந்தேன். மெலிந்த இடத்தில் 17 தௌ. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. 20 தௌவுக்குக் கீழே போனால் விஷயம் தெரிந்தவர் வாங்கமாட்டார். சூடான காஸ்டிக் கரைசலில் முக்கிக் கறுப்பேற்றியதால் பட்டையைப் பிடித்திருந்த ஈயப் பற்றும் அரித்திருந்தது. குழலைத் தொங்கவிட்டுத் தட்டினால் மணிபோல் கணீரென்று ஒலிக்க வேண்டும். ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்போமே, அதே கணக்குத்தான். இது சொத்தென்றது.

இன்னொன்று நம் சங்கத்து அன்பர் ஒருவருடையது. டூவார்ஸ் தோட்டத்தில் பணியாற்றிய அவர் தந்தையாரின் துப்பாக்கி. பழுப்பேறிய குழல், கை பட்டுப் பட்டுக் கறுத்த கட்டை. விற்பனையாளர் ஒருவர் அடிமாட்டு விலை கேட்டார். மெருகேற்றினால் இரட்டிப்பாகும் என்றார் வேறொருவர். அளந்ததில் முத்திரையில் .729, உள்ளே .734. தேய்மானம் ஐந்து தௌ மட்டுமே. எட்டு, பத்து தௌ தாண்டினால்தான் பழைய முத்திரை செல்லாது. சுவர் 26 தௌ. பொறிப்பு வேலையும் கூர்மையாக இருந்தது. எதையும் தொடாதீர்கள், எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும் என்றேன். தேவைப்பட்டால் நாள்கணக்கில் துருவேற்றிக் கொதிநீரில் கறுக்க வைக்கும் பழைய முறை ஒன்றே இதற்கு ஏற்றது.

அவருக்கிருந்த அவசரம் வேறு. உரிமதாரர் இறந்தபின் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது குற்றம். தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். அதன்பின் வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்கலாம், அல்லது விற்றுப் பணம் பெறலாம். விதித்த காலத்துக்குள் எதுவும் செய்யாவிட்டால் அரசுக்குப் போய்விடும். கடைக்காரர்கள் இந்தக் கெடுவை வைத்தே விலையை நெருக்குகிறார்கள்.

லண்டன் ஏலத்தில் இன்ன விலை போனது என்று சொல்லி மயக்குவோரையும் நம்ப வேண்டாம். நூறாண்டு கடந்த கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தராது. உள்ளூரிலோ, 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிதான் வைக்கலாம், முன்பு மூன்று. ஆகவே வாங்க இடமுள்ளவர் குறைவு. அன்பருக்கு ஒரு மாதம் அலைந்தபின் உரிமத்தில் இடமிருந்த துப்பாக்கிச் சுடும் வீரர் ஒருவர் கிடைத்தார். லட்சக் கனவு பலிக்கவில்லை. ஆனால் முதலில் கேட்ட விலையைப் போல் மூன்று மடங்கு.

உங்கள் பெயரிலேயே உரிமம் உள்ள துப்பாக்கியை நேரடியாக விற்பதானால், வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாள் கழிந்த பின்பே கைமாற்ற வேண்டும். கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு.